29 நிமிடம் 40 விநாடி: ஒரு ரஷ்ய ஸ்பேஸ் ராக் ஆல்பம் வைனிலுக்குப் போனபோது நடந்தது

2020 செப்டம்பரிலிருந்து 2022 கோடை வரை நடந்த விஷயம் இது. நான் அப்போது ஜெர்மனியில் ஒரு சின்ன ரெக்கார்டு லேபிளுக்கு (இசை ஆல்பங்களை வெளியிடும் நிறுவனம்) பகுதிநேரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குழுக்கள் அனுப்பும் ஒலிக்கோப்புகளைச் சரிபார்ப்பது, வைனில் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டுவது, பெட்டி கட்டுவது, இவ்வளவுதான் வேலை. லேபிள், ஆலை, குழு, ஊர் எதற்கும் பெயர் போடவில்லை. தவறுகளில் பெரும்பங்கு என்னுடையது என்பதால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

ரஷ்யாவில் ஸ்பேஸ் ராக் (விண்வெளியில் மிதப்பது போன்ற உணர்வு தரும் ராக் இசை) என்றதும் வெளியே இருக்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்த்ரகான் நகரத்து வெஸ்பெரோ குழு. வோல்கா காஸ்பியன் கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர். 2003-இல் தொடங்கி, 2007-இல் 'ரிட்டோ' என்ற ஆல்பம், 2012-இல் கிராவுட்ராக் என்ற பழைய ஜெர்மன் பரிசோதனை ராக் இசைக்குக் கும்பிடு போட்டு ஒன்று, 2016-இல் எத்தியோப்பிய அரசவைப் பட்டம் ஒன்றைத் தலைப்பாக்கி 'லிக்கே மெக்வாஸ்', 2020-இல் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்து பெயர் எடுத்து 'தி ஃபோர் ஸோவாஸ்' என்று சலிக்காமல் போட்டுக்கொண்டே வந்தார்கள். மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் அல்லாத ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, பெரும்பாலும் பாட்டே இல்லாத நீள நீளமான வாத்திய இசையை வைத்து, வெளிநாட்டுச் சின்ன லேபிள்கள் வழியாக உலகம் முழுக்கச் சில நூறு பேரைப் பிடிக்கலாம் என்பதற்கு அவர்கள் கண்முன்னே இருந்த சாட்சி.

இந்தக் கட்டுரையில் வரும் குழு வெஸ்பெரோ அல்ல. அதே ஆற்றில் இன்னும் மேலே இருக்கிற ஒரு ஊர்க்காரர்கள். ஐந்து பேர்: கிட்டார், பேஸ், டிரம்ஸ், வயலின், பிறகு ஒரு போலிவாக்ஸ். இந்தக் கடைசிப் பெயரைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிரச்சினையில் பாதி அதற்குள்ளிருந்துதான் வந்தது. போலிவாக்ஸ் என்பது சோவியத் காலத்துச் சின்தசைசர், அதாவது மின்னணு இசைக்கருவி. விளாதிமிர் குஸ்மின் வடிவமைத்தது. யூரல் பகுதியில் கச்கனார் என்ற ஊரின் ஃபார்மந்தா ஆலையில் 1982 முதல் 1990 வரை செய்தார்கள். பார்க்க ராணுவ ரேடியோ பெட்டி மாதிரி இருக்கும். ஒலியைச் செதுக்கும் அதன் ஃபில்டர் குமிழைத் திருப்பினால் இனிமையாக ஒன்றும் வராது, இரும்புக் கதவை இழுப்பது போல ஒரு உறுமல்தான் வரும். அந்த உறுமலுக்காகவே இந்த இசைக்காரர்கள் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

கோப்புகள் வந்தபோது பார்த்தது

ஆல்பம் மொத்தம் 47 நிமிடம் 30 விநாடி. நான்கு டிராக். மூன்று சின்னவை, சேர்த்தால் 17:50. மீதி ஒன்றே ஒன்று, 29:40. அதுதான் ஆல்பத்தின் உயிர் என்று குழு எழுதியிருந்தது. கேட்டுப் பார்த்தேன், உண்மைதான். முதல் பத்து நிமிடம் டிரம்ஸ் நடக்கிற வேகத்தில் போகும், பதினொன்றாவது நிமிடத்தில் போலிவாக்ஸின் ரீங்காரம் இடது காதிலிருந்து வலது காதுக்குச் சுற்றிச் சுற்றி வரும், பதினேழில் எல்லாம் அடங்கி அந்த ரீங்காரம் மட்டும் தனியாக நிற்கும், அப்புறம் மெல்ல மெல்ல ஏறி இருபத்துநாலில் வயலினும் சிம்பலும் சேர்ந்து வெடித்து முடிவு வரை அப்படியே நிற்கும்.

சிடியிலோ இணையத்திலோ இதில் ஒரு சிக்கலும் இல்லை. எல்பி தட்டில்தான் தகராறு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம் போட்டால் ஒலி நன்றாக இருக்கும். அதைத் தாண்டத் தாண்ட, ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கமாகப் போட வேண்டும், அதற்கு ஒலி அளவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் அமைதியான இடங்களில் தட்டின் இரைச்சல் மேலே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, புதிதாக வருகிற குழுக்களில் பலருக்கு இது தெரிவதில்லை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே கணக்கில் சுற்றினாலும் ஊசிக்குக் கீழே ஓடும் பள்ளத்தின் நீளம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெளி ஓரத்தில் ஒரு விநாடி ஒலிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் கிடைக்கும், உள்ளே, தட்டின் நடுவிலுள்ள காகித லேபிளை ஒட்டிப் போகும்போது 21 செ.மீ. தான். அதே சிம்பல் ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் திணிக்க வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்தில் பக்கத்தின் கடைசிக்கு மெதுவான பாட்டைத் தள்ளுவார்கள். எங்கள் டிராக்கில் வெடிப்பே கடைசி ஐந்து நிமிடத்தில் இருந்தது.

முதல் முடிவும் காரணமும்

அக்டோபரில் இணையத்தில் பேசினோம். லேபிள்காரர், குழுவிலிருந்து டிரம்மரும் வயலின்காரரும், நான். இரட்டைத் தட்டாகப் போடலாம் என்றேன். 300 பிரதிக்கு இரட்டைத் தட்டு போட்டால் கையைக் கடிக்கும் என்றார் லேபிள்காரர், கணக்கும் காட்டினார், மறுக்க முடியவில்லை. டிராக்கைச் சுருக்கலாமா என்று கேட்டதற்குக் குழுவிடமிருந்து ஒரே வார்த்தை, முடியாது. இரண்டாக வெட்டி இரண்டு பக்கத்திலும் போடலாமா? அதற்கும் அதே பதில். கேட்பவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினால் பயணமே அறுந்துபோகும் என்றார் டிரம்மர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, நானும் அதோடு நின்றுவிட்டேன்.

ஆக 29:40-ஐ முழுசாக ஏ பக்கத்தில், தாமிரத் தட்டில் பள்ளத்தை நேரடியாக வெட்டும் டிஎம்எம் முறையில் போடுவதென்று முடிவாயிற்று. காரணம் இரண்டு. அந்த முறையில் பள்ளங்களை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போடலாம், நீளமான பக்கங்களுக்கு அது கைகொடுக்கும். இரண்டாவது, அந்த வருடம் பிப்ரவரியில்தான் கலிபோர்னியாவின் பானிங் நகரிலிருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோயிருந்தது. வழக்கமான முறையில் வெட்டுவதற்குத் தேவையான, மென்பூச்சு கொண்ட லேக்கர் தட்டுகளைச் செய்யும் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று அது. அது போனபின் லேக்கருக்கு ஜப்பானில் ஒரே ஒரு ஆலையைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஆலையிலிருந்து ஆர்டரை உறுதிசெய்து வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. பதினொன்றாவது நிமிடத்தில் தாழ்ந்த ஒலிகள் இரண்டு சேனலிலும் எதிரெதிராக இருக்கின்றன, அவற்றை மோனோவாக்க (இரண்டு சேனலிலும் ஒரே ஒலியாக்க) அனுமதி வேண்டும் என்று. இது என்னவென்றால்: இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே பேஸ் ஒலி போனால் பள்ளம் இடவலமாக வளையும், ஊசிக்கு அது சிரமமில்லை. ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் பள்ளம் பக்கவாட்டில் வளையாது, ஆழம் கூடிக் குறையும். ரொம்ப ஆழம் குறைந்த இடத்தில் ஊசிக்குப் பிடிமானம் இருக்காது, எகிறிவிடும். போலிவாக்ஸைக் குழு ஒரு ஸ்டீரியோ ஃபேஸர் (ஒலியைச் சுழல வைக்கும் கருவி) வழியாக விட்டுப் பதிவு செய்திருந்தது. காதைச் சுற்றி வந்த அந்த மாயத்தின் ரகசியமே இந்த எதிரெதிர் ஒலிதான்.

நான் அந்த வரியைக் குழுவுக்கு அப்படியே திருப்பி அனுப்பினேன். விளக்கம் எழுதவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தொட வேண்டாம் என்று பதில் வந்தது. ஆலைக்கும் அதையே சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

டெஸ்ட் தட்டுகள்

2021 ஏப்ரலில் ஐந்து டெஸ்ட் தட்டுகள், அதாவது மொத்தமாக அச்சடிக்கும் முன் கேட்டுச் சரிபார்க்கும் மாதிரிகள், வந்தன. அந்த வருடம் ஆலைகளில் எல்லாம் பெரிய வரிசை. பத்து நாளுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் எங்கள் முறை பின்னால் போய்விடும், எத்தனை மாதம் என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு தட்டுகளை அன்றைக்கே ரஷ்யாவுக்குத் தபாலில் போட்டேன். பத்து நாளில் போய்ச் சேராது என்று தெரிந்தேதான் போட்டேன், ஒரு மரியாதைக்காக.

வீட்டில் கேட்டேன். என்னிடம் இருந்தது நல்ல பிளேயர், மெல்லிய முனை கொண்ட ஊசி, எடையும் கோணமும் துல்லியமாக வைத்தது. பதினேழாவது நிமிடத்து அமைதியில் இரைச்சல் தெரிந்தது. கடைசி மூன்று நிமிடம் சிம்பல் கொஞ்சம் மணலாக அரைத்தது. இரண்டையும் எதிர்பார்த்திருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொன்றாவது நிமிடத்தை ஊசி வழுக்கிக்கொண்டு தாண்டிப் போனது, ஒன்றும் ஆகவில்லை. லேபிள்காரர் தன் பிளேயரில் கேட்டார், அதுவும் நல்லதுதான். ஒன்பதாம் நாள் சம்மதம் எழுதினேன்.

தட்டை வாங்கப்போகிறவர்கள் எதில் போட்டுக் கேட்பார்கள் என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நல்ல பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு வருகிற நோய் இது.

ஜூன்

ஜூன் முதல் வாரத்தில் 300 தட்டுகள் வந்து இறங்கின. 140 முன்பதிவு இருந்தது. இரண்டே நாளில் 96-ஐப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் முதல் புகார்: ஏ பக்கத்தில் ஊசி தாவுகிறது. ஊசியைத் துடைத்துப் பாருங்கள், எடையைச் சரிபாருங்கள் என்று எழுதினேன். அடுத்த நாள் இன்னும் இரண்டு. அவர்களுக்கும் அதையே ஒட்டி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் டிரம்மரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஏப்ரலில் நான் போட்ட டெஸ்ட் தட்டு சுங்கத்தில் கிடந்துவிட்டு எட்டு வாரம் கழித்து அவர் கைக்குப் போயிருக்கிறது. அவரிடம் இருந்தது ஆர்க்தூர் என்ற பழைய சோவியத் பிளேயர், அவருடைய அப்பா வாங்கியது. வீடியோவில் ஊசி போகிறது, ரீங்காரம் எழுகிறது, 11:08-இல் டக் என்று ஒரு சத்தம், ஊசி இரண்டு பள்ளம் பின்னால் போய் விழுகிறது, மறுபடி வருகிறது, மறுபடி டக். ஏழு முறை. பிறகு அவருடைய கை ஃபிரேமுக்குள் வந்து, ஊசித்தலைக்கு மேல் ஒரு குட்டி நாணயத்தை வைக்கிறது. சோவியத் காலத்து ஒரு கோபெக். அந்தக் காலத்து ஒரு கோபெக் சரியாக ஒரு கிராம், இரண்டு கோபெக் இரண்டு கிராம் என்று அளவாக அடித்தார்கள், எடைக்கல் மாதிரியே புழங்கலாம். ஒரு கிராம் கூடியதும் ஊசி தாண்டிப் போய்விட்டது. வீடியோவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் வந்த புகார்காரரிடம் எந்த இடத்தில் தாவுகிறது என்று அப்போதுதான் கேட்டேன். பதினொரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்றார்.

அன்று மாலையே தட்டை எடுத்துக்கொண்டு நண்பர்கள் வீட்டுக்குப் போனேன். ஒருவரிடம் இருந்தது சூட்கேஸ் மாதிரியான மலிவு பிளேயர், இன்னொருவரிடம் நடுத்தரமானது. இரண்டிலும் தாவியது, அதே இடத்தில். இரண்டாவது வாரம் முடியும்போது 96 பேரில் 11 பேர் எழுதியிருந்தார்கள். எழுதாமல் அலமாரியில் வைத்துவிட்டவர்கள் எத்தனை பேரோ.

இரண்டாவது முடிவு

மீதித் தட்டுகளை அனுப்புவதை நிறுத்தினோம். லேபிள்காரருக்கு முதலில் மனமில்லை, நல்ல பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு விற்கலாமே என்றார். வாங்குகிறவரிடம் உங்கள் பிளேயர் என்ன விலை என்று கேட்டுத் தட்டு விற்க முடியாது என்றேன். வாங்கிய எல்லோருக்கும் எழுதினோம்: மறுபடி வெட்டப்போகிறோம், வேண்டுவோருக்குப் புதுத் தட்டு இலவசம், பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

மறு அச்சு 200 பிரதி. செலவை லேபிள் ஏற்றது. பதிலுக்குக் குழு தங்கள் டிஜிட்டல் வருமானப் பங்கை ஆறு மாதத்துக்கு விட்டுக்கொடுத்தது. இது நியாயமா என்று எனக்கு இன்றும் உறுத்தல் உண்டு. எச்சரிக்கை வரியை விளக்காமல் அனுப்பியவன் நான், சம்மதம் எழுதியவனும் நான். அவர்கள் செய்தது, அரைகுறையாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது மட்டும்தான்.

இந்த முறை பேசினோம், எழுதவில்லை. இரண்டு மணிநேரம், வயலின்காரர் ஆங்கிலத்திலும் ரஷ்யனிலுமாக மாற்றி மாற்றிச் சொல்ல. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை மட்டும் மோனோவாக்கினால் சுற்றிவரும் மாயம் போய்விடாது, காது திசையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதற்கு மேலேயுள்ள ஒலிகளில்தான் என்று ஒரு மாதிரிக் கோப்பு செய்து காட்டினேன். ஹெட்போனில் கேட்டுவிட்டு, வித்தியாசம் தெரிகிறது, ஆனால் தாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்தது வெட்டும் விஷயம். இந்த முறை அதை அவர்களே எடுத்தார்கள். ஊசி ஏழு முறை தாவுவதைப் பார்த்த பிறகு, தட்டைத் திருப்புவது அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியவில்லை போல.

எங்கே வெட்டுவது என்பதில் சண்டையே இல்லை. 17:20, டிரம்ஸ் நின்று ரீங்காரம் மட்டும் தனியாக இருக்கும் இடம். ஏ பக்கம்: 6:10 சின்ன டிராக், பிறகு பெரியதன் முதல் பாகம், மொத்தம் 23:30. பி பக்கம்: இரண்டாம் பாகம் 12:20, பிறகு மற்ற இரண்டும், மொத்தம் 24:00. ஏ பக்கம் ரீங்காரத்தோடு மங்கி முடியும், பி பக்கம் அதே ரீங்காரத்தில் கண் விழிக்கும். இதில் நான் யோசிக்காத ஒரு லாபமும் கிடைத்தது, கட்டிங் எஞ்சினியர்தான் சுட்டிக்காட்டினார். வெடிப்பு இப்போது பி பக்கத்தின் ஏழாவது நிமிடத்தில் வருகிறது, ஒரு விநாடிக்குப் பள்ளம் இன்னும் நீளமாகக் கிடைக்கும் இடத்தில். சிம்பலுக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிட்டது. இணையத்தில் இருக்கும் ஆல்பத்தில் டிராக் முழுசாக 29:40 ஆகவே இருக்கிறது.

பின்தொடர்ந்தவை

ஆலையில் முறை கிடைத்தது நவம்பரில். 2022 ஜனவரியில் புது டெஸ்ட் தட்டுகள் வந்தன. இந்த முறை தபாலை நம்பவில்லை. பெர்லினிலிருந்து மாஸ்கோவுக்கு விமானம் ஏறிய ஒருவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டோம், ஆறாம் நாள் டிரம்மர் வீட்டில் இருந்தது. ஆலையிடம் அதுவரை பொறுக்கச் சொல்லி மன்றாடினேன், பொறுத்தார்கள். மறுபடியும் ஒரு வீடியோ. அதே ஆர்க்தூர், நாணயம் பிளேயருக்குப் பக்கத்தில் மேசைமேல். ஊசி டிராக்கின் பதினோராவது நிமிடத்தைத் தாண்டியது. இந்த முறை பின்னாலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. இங்கே மலிவு பிளேயர் உள்பட ஐந்தில் போட்டுப் பார்த்தேன், எங்கேயும் தாவவில்லை.

பிப்ரவரி நடுவில் தட்டுகள் வந்தன. கேட்ட எல்லோருக்கும் மாற்றுத் தட்டு போனது. குழுவுக்கான 40 பிரதிகளைப் பெட்டி கட்டி பிப்ரவரி 21 அன்று அனுப்பினேன்.

24-ஆம் தேதி போர் தொடங்கியது. மார்ச் தொடக்கத்திலேயே இங்கிருந்து ரஷ்யாவுக்குப் பார்சல் போவது நின்றது. விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே சேவையை நிறுத்தின, குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் போகும் வழிகள் ஒவ்வொன்றாக அடைந்தன. அவர்கள் விட்டுக்கொடுத்த ஆறு மாதம் அதற்குள் முடிந்திருந்தது, ஆனால் பணம் சேர்ந்தாலும் அனுப்ப முடியாத நிலை. லேபிள்காரர் ஒரு தனிக் கணக்கு நோட்டு போட்டு அவர்கள் பங்கை எழுதி வைக்கத் தொடங்கினார். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

என்ன மாற்றுவேன்

மிக்ஸ் செய்வதற்கு (பதிவுகளைக் கலந்து இறுதி வடிவம் தருவதற்கு) முன்பே குழுவிடம் கேட்பேன், இது தட்டாக வருமா என்று. வரும் என்றால் பக்கத்துக்கு எத்தனை நிமிடம், உச்சம் எங்கே விழுகிறது என்பதை அப்போதே பேசிவிடலாம். எல்லாம் முடிந்தபின் கேட்டால் எந்தக் குழுவும் முடியாது என்றுதான் சொல்லும், சொல்ல வேண்டியதும் அதுதான்.

ஆலை அனுப்பும் எச்சரிக்கையை அப்படியே திருப்பி அனுப்ப மாட்டேன். ஃபேஸ், அதாவது இந்த எதிரெதிர் ஒலி, பற்றிய ஒரு வரி, ஆலைக்காரருக்கு ஊசி தாவும் என்று பொருள்படும். இசைக்காரருக்கு உன் ஒலியை மாற்றப்போகிறேன் என்று பொருள்படும். நடுவில் இருக்கிறவன் இரண்டையும் சொல்ல வேண்டும்.

டெஸ்ட் தட்டை மலிவு பிளேயரில் போடாமல் சம்மதம் எழுத மாட்டேன். இதற்காகவே ஒரு சூட்கேஸ் பிளேயர் வாங்கி வைத்திருக்கிறேன், பழசு, 25 யூரோ. குழுவின் காது படாமலும் சம்மதம் எழுத மாட்டேன், வரிசையில் பின்னால் போனாலும் பரவாயில்லை. முதல் புகார் வந்தபோது துடைத்துப் பாருங்கள் என்று எழுதுவதற்கு முன் எந்த நிமிடம் என்று கேட்டிருக்க வேண்டும். இது இவ்வளவு எளிது என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

2022 கோடையில் இருந்த நிலை

குழுவுக்கு அனுப்பிய பெட்டி ஏப்ரலில் திரும்பி வந்தது. ஓரம் நசுங்கியிருந்தது, தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயலின்காரர் வசந்தத்தில் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்குக் குடிபெயர்ந்தார், ஜூலையில் அவருக்குப் பத்துப் பிரதிகள் போய்ச் சேர்ந்தன. மீதி 30 லேபிள்காரரின் நிலவறையில், அதே பெட்டியில், நான் கையால் எழுதிய சுங்கப் படிவம் மேலே ஒட்டியபடி இருந்தன. ஊரில் இருந்த நான்கு பேரிடமும் சேர்த்து நல்ல தட்டு ஒன்றே ஒன்று, ஜனவரியில் விமானத்தில் போன அந்த வெள்ளை லேபிள் டெஸ்ட் தட்டு. அதை வீட்டுக்கு ஒரு வாரமாக மாற்றி மாற்றி வைத்துக் கேட்கிறோம் என்று டிரம்மர் எழுதியிருந்தார்.